ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய கணினியுடன் நெடுநாள் பழக்கம்

சென்னை ரிச்சி தெருவில் 2012-ஆம் ஆண்டு உதிரிபாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்த மேசைக் கணினியை இன்றும் எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் பயன்படுத்தி வருகிறேன். இன்டெல் இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு, டிடிஆர்3 ரேம் என்ற இந்த அமைப்பின் வேகத்தைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை. எஸ்எஸ்டி பொருத்திய பிறகு என் வேலைக்கு அது போதும். எழுத வேண்டியது, இத்தனை ஆண்டுகளில் அது ஸ்டார்ட் ஆகாமல் நின்ற விதங்களைப் பற்றித்தான். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் கடையில் கிடைத்த முதல் பதில் "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்பதாகவே இருந்தது, அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. ஆனால், ஃபார்மட் அடித்துத் தீரும் கோளாறு எதையும் இந்தக் கணினியில் நான் இதுவரை பார்க்கவில்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும் அது ‘பவர் குட்’ என்ற 5 வோல்ட் சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அது கிடைத்த பின்பே செயலி வேலையைத் தொடங்குகிறது. அடுத்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், ரேமையும் டிஸ்ப்ளேவையும் சோதித்துவிட்டு, பூட் வரிசைப்படி டிஸ்க்கைத் தேடுகிறது. விண்டோஸின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே ஃபேனே சுற்றவில்லையா, சுற்றியும் திரை கருப்பாகவே இருக்கிறதா, மதர்போர்டின் லோகோவோடு நின்றுவிடுகிறதா, விண்டோஸ் லோகோ வந்தபின் நீலத் திரை வருகிறதா என்பதைக் கவனித்தாலே தேட வேண்டிய இடம் பெருமளவு சுருங்கிவிடும்.

என்னை மிகவும் அலைக்கழித்தது இந்தக் கடைசி வகை. விண்டோஸ் லோகோ வரும், உடனே நீலத் திரையில் ‘இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்’ (தொடங்க வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை) என்ற வரி தோன்றும், கணினி மீண்டும் தானே ரீஸ்டார்ட் ஆகும். ஆட்டோமேட்டிக் ரிப்பேரும் கைவிரித்துவிட்டது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். டிலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பார்த்தபோது தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருந்தது. டிஸ்க் இணைப்புக்கான சாட்டா பகுதியில், டிஸ்க்கோடு பேசும் புதிய முறையான ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய முறையான ஐடிஇ என்று இருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பியிருந்தது. இந்த போர்டில் அந்த நிலை ஐடிஇ. ஏஎச்சிஐ முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், தொடங்கும் நேரத்தில் ஐடிஇ டிரைவரை ஏற்றுவதில்லை என்பதால் தன் டிஸ்க்கையே அதனால் எட்ட முடியவில்லை. புதுப் பேட்டரியைப் போட்டு, ஏஎச்சிஐ என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமித்ததும் எல்லாக் கோப்புகளோடும் கணினி எழுந்துவிட்டது. ஃபார்மட் அடித்திருந்தால் விண்டோஸ் ஐடிஇ முறையிலேயே ஏறியிருக்கும், கோப்புகள் போயிருக்கும், மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் தேதி தவறி, பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசரும் தகராறு செய்துகொண்டிருந்திருக்கும்.

இந்தப் பேட்டரி நம் வீடுகளில் சற்றுச் சீக்கிரமே தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. சுவரில் சுவிட்ச் ஆன் நிலையில் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமே உள்கடிகாரத்தை ஓட்டிவிடும். சுவிட்சையும் அணைத்துவிட்டால் முழுச் சுமையும் பேட்டரியின் மேல் விழுகிறது. ஐப்பசி இடி மின்னலை நினைத்து அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேட்டரியை மாற்றிவிடுவதே மலிவு.

சுற்றும் ஃபேனும் கருப்புத் திரையுமாக இருப்பதைக் கடைக்காரர்கள் ‘நோ டிஸ்ப்ளே’ என்பார்கள். மழைக்காலத்துக்குப் பின் எனக்கு இது வந்தபோதெல்லாம் காரணம் ரேம்தான். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, ஓரக் கொக்கி ‘டிக்’ என்று விழும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லது. மதர்போர்டில் ஒரு சிறு பீப் ஸ்பீக்கர் மாட்டியிருந்தால், கோளாறு எதில் என்பதை பீப் ஒலிகளே காட்டிக்கொடுக்கும் என்பதால் பாதி வேலை மிச்சம். இப்போதைய கேபினட்டுகள் பலவற்றில் அது வருவதில்லை என்பதால் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் கெடும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெட்டது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சற்று அசைந்து நின்றுவிடும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் எப்படியோ எழுந்து, பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் மூப்படைந்து, குளிர்ந்த நிலையில் தடுமாறுவதன் அடையாளம் இது. 24 முனை பிளக்கில் பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் இணைத்துப் பார்க்கும் சோதனையில் ஃபேன் சுற்றினால், அது ஆன் ஆகிறது என்பது மட்டுமே தெரியும். சுமையைத் தாங்குமா என்பது தெரியாது. கணினி ஓடும்போது 12 வோல்ட் இணைப்பு 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பதும், முடிந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதும் நம்பகமானவை. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆபத்தான அளவு மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியைத் திறக்கக் கூடாது.

டிஸ்க்கின் மேல் சந்தேகம் வந்தால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில், பழுதான இடங்களைக் குறிக்கும் 5, படிக்கத் தடுமாறும் இடங்களைக் குறிக்கும் 197 ஆகிய வரிசை எண்களின் மூல மதிப்பு (ரா வேல்யூ) ஏறிக்கொண்டே போனால் உடனே கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும். தரவு கடத்தலில் நேரும் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் செயலியும் இதில் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இல்லை என்பதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியிருக்கிறேன். பேட்டரி, கேபிள், எஸ்எம்பிஎஸ் வரை இந்தக் கணினிக்கு இன்னும் செலவழிப்பேன். எஸ்எம்பிஎஸ்ஸையும் எஸ்எஸ்டியையும் அடுத்த கணினியிலும் பொருத்திக்கொள்ளலாம். மதர்போர்டு போனால் பழைய எச்61 போர்டைத் தேடி அலைய மாட்டேன்.