ஏர் ரைபிளா, ஏர் பிஸ்டலா, பாயிண்ட் 22-ஆ? 12 வயதுப் பிள்ளைக்கு எது பொருந்தும்

தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி என்றாலே காட்டுப்பன்றி வேட்டையும் 12 போர் செனாப்பாங் என்னும் வேட்டைத் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். அதனால்தான் கோலாலம்பூரில் பிள்ளையைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்து வரும் பெற்றோர் பலர் முதலில் குண்டு என்ன சைஸ் என்று கேட்கிறார்கள். தொடக்கத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டுக்கும் 4.5 மில்லிமீட்டர்தான். வெடிமருந்தில் சுடும் பாயிண்ட் 22 ரைபிள் என்றால் 5.6. பிள்ளையின் கை நீளம், மணிக்கட்டின் பலம், குறிபார்க்க எந்தக் கண் முந்துகிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஆயுதத்தை முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். "வெறும் காற்றுதானே" என்று இணையத்தில் வாங்கி வீட்டில் வைத்துவிடாதீர்கள். உரிமம் பெற்ற கிளப்பில், அவர்களுடைய துப்பாக்கியிலேயே, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கத்தான் பிள்ளை சுட வேண்டும்.

முதலில் ரைபிள். போட்டி விதிப்படி 5.5 கிலோ வரை இருக்கலாம். பெரியவர்கள் பிடிக்கும் எடை நாலு கிலோவுக்கு மேல். 35 கிலோ பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதல் பத்து குண்டு வரை நேராக நிற்கும். பிறகு முதுகு பின்னால் வளையும், தாங்கும் கையின் முழங்கை விலாவை விட்டு விலகும், ரைபிளைத் தோள் தசை சுமக்க ஆரம்பிக்கும். தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, எடை நேரே பாதத்துக்கு இறங்குவதுதான் ரைபிளின் அடிப்படை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் ஏர் ரைபிளில் நின்றாரே, புஜபலத்தை மட்டும் நம்பும் விளையாட்டாக இருந்தால் அது நடந்திருக்குமா? ஆகவே மூன்று, மூன்றரைக் கிலோ ஜூனியர் மாடலைக் கேளுங்கள். பத்து வயதுக்காரர் என்றால் முன்பகுதியைத் தாங்கி ஒன்றின் மேல் வைத்துச் சுடட்டும். அதில் அவமானம் எதுவும் இல்லை.

தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளத்தை இப்படிப் பார்க்கலாம்: பிள்ளை முழங்கையை 90 டிகிரி மடக்கட்டும். கட்டையின் அடித்தகடு முழங்கையின் உள்மடிப்பில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையை (டிரிக்கரை) எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால் கட்டை நீளம். தோளை முன்னால் தள்ளித்தான் பிள்ளை அதை எட்டும், அந்தக் கோணல் பழக்கமாகிவிடும். கன்னத்தாங்கி தாழ்ந்திருந்தால் தலை குனியும், கண் புருவத்துக்கடியில் இருந்து பார்க்கும், இருபது குண்டுக்குள் பார்வை மங்கும். ரைபிள் தலையிடம் வர வேண்டும், தலை ரைபிளிடம் போகக் கூடாது.

செலவு கூடுவது உடுப்பில்தான். கித்தான் கோட்டும் கால்சட்டையும் விறைப்பாக, உடலுக்கு அளவெடுத்தது போல் இருக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஒரே வருடத்தில் பத்தாமல் போகும். கோலாலம்பூர் வெக்கையில் அதற்குள் நிற்பது தனிப் பயிற்சி. கிளப்பில் பழைய கோட் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை இல்லை. கணுக்காலை மூடாத தட்டையான சப்பாத்து போதும். எடை ஒரு கிலோவுக்குப் பக்கம், விசையின் இழுவை குறைந்தது 500 கிராம். இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டமும் பெரிது: ரைபிளின் பத்து வெறும் 0.5 மில்லிமீட்டர் புள்ளி, பிஸ்டலின் பத்து 11.5, சட்டைப் பொத்தான் அளவு. இதைக் கேட்டு பிஸ்டல் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சாய்ந்துகொள்ள எதுவுமில்லாமல் ஒரே கையை நீட்டிச் சுட வேண்டியிருப்பதால்தான் வட்டம் பெரிதாக இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலை நேராக நீட்டிய கையில் 30 வினாடி பிடிக்கச் சொல்லுங்கள். கடைசிப் பத்து வினாடியில் போத்தலுக்குள் தண்ணீர் குலுங்கினால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம்.

வலது கைப் பிள்ளையின் குண்டுகள் கீழே இடப்பக்கமாகச் சேர்ந்தால் விசையை வெடுக்கென்று இழுக்கிறது என்று பொருள். மேலும் கீழுமாக நீள வரிசையில் விழுந்தால் மணிக்கட்டு நிற்கவில்லை. பிடியின் அளவு தப்பாக இருந்தாலும் இதேதான் நடக்கும், ஆகவே பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பிடியை மாற்றிப் பாருங்கள்.

கண் விஷயத்தில் பிஸ்டலுக்கே என் ஓட்டு. வலது கைப் பழக்கமும் இடது கண் முந்துதலும் உள்ள பிள்ளைக்கு ரைபிளை இடது தோளுக்கு மாற்ற வேண்டும், அல்லது இடது கண்ணை மறைக்க வேண்டும். மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகும்.

பாயிண்ட் 22 இப்போது வேண்டாம். 50 மீட்டர் தூரம், வீசும் காற்றுக்கான கணக்கு, சத்தம். குண்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் போகும், தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். உதைப்பு சிறியதுதான், ஆனால் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு. ஏர் ரைபிளில் இரண்டு வருடம் நின்ற பிள்ளை பிறகு இதற்கு மாறுவது சுலபம்.

ஆக, 13 வயதுக்குக் கீழே, மணிக்கட்டு மெலிந்த பிள்ளை என்றால் ஜூனியர் ரைபிள். கை நிற்கிறது, உடுப்புக்குச் செலவழிக்க முடியாது என்றால் பிஸ்டல்.

எதை எடுத்தாலும் அழுத்திய காற்றை அடைத்த கலன் உள்ள மாடலாகப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி குண்டு வெளியேறும் முன்பே முன்னும் பின்னும் ஆடும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் நெம்பி அழுத்தும் மாடலில் 60 முறை அழுத்தும்போது சுடும் கையே களைத்துவிடும். கலனை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஒரு முழுப் பயிற்சிக்குத் தாராளம். அழுத்தமானி மிகவும் இறங்கியபின் குண்டுகள் தாழ ஆரம்பிக்கும், பாவம், பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் கைபம்ப் அடிப்பவர்கள் தண்ணீர் வடிப்பானை மறக்காதீர்கள், ஈரம் உள்ளே போனால் வால்வு அரிக்கும்.

குண்டு தட்டைத்தலையாக, 0.53 கிராம் அளவில் இருந்தால் போதும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 என்றால் 500 உள்ள ஒரு டின் இரண்டு வாரம் வரும். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் ரொட்டி சானாய்.

கிளப் வழியாகப் பழைய துப்பாக்கி கைமாறும்போது கலனின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். பத்து வருடம் தாண்டிய கலனைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், புதுக் கலனின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.