பதிப்பு ஏற்றிய பின் மிஞ்சும் கான்ஃபிக் கோப்புகள்: விடுவதா, பெயர் மாற்றுவதா, பர்ஜ் செய்வதா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பாடசாலைக் கணினி அறைகளில் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸுக்குப் புதிய பதிப்பு ஏற்றியதும், ‘எல்லாம் ஓடுதே’ என்று எழுந்துவிடுவார்கள். கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகள் இருக்கும் ஈட்டிசி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) பழைய குப்பை அப்படியே கிடக்கும். புதிய பொதி (மென்பொருள் பேக்கேஜ்) கைவிட்ட கான்ஃபிக் கோப்பை, பொதிகளை நிறுவும் கருவியான டிபிகேஜி தானாக அழிப்பதில்லை. தன் பதிவேட்டில் ‘ஆப்சலீட்’ (வழக்கொழிந்தது) என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டிபிகேஜி-குவரியில் ‘கான்ஃபைல்ஸ்’ புலத்தைக் கேட்டு, அந்தச் சொல்லை கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடினால் பட்டியல் வந்துவிடும்.

அப்படியே விட்டால் வேலை மிச்சம். யாரும் வாசிக்காத தனிக் கோப்பென்றால் பாதகமில்லை. ஆனால் லாக் கோப்புகளைச் சுழற்றிவிடும் லாக்ரொட்டேட்டின் லாக்ரொட்டேட்.டி போன்ற அடைவுகளில் உள்ளதெல்லாம் வாசிக்கப்படும். ஒரே லாக்குக்குப் பழையதும் புதியதும் இருந்தால் ‘டூப்ளிகேட்’ பிழை வரும்.

எங்கள் தேர்வு பெயர் மாற்றுவது. ‘.டிசேபிள்ட்’ என்று வால் ஒட்டினால் லாக்ரொட்டேட் அதைத் தொடாது. பெயரில் புள்ளி இருந்தாலே, நேரம் குறித்த வேலைகளுக்கான டெபியனின் கிரான்.டி அடைவிலும் அது ஒதுக்கப்படும். வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்ட் அடைவில் இது பலிக்காது! அங்கே எந்த வாலோடு இருந்தாலும் ஏற்றிக்கொள்ளும். அடைவுக்கு வெளியே நகர்த்துங்கள். கோப்பு இடம் மாறினாலும் பதிவேட்டில் குறி நிற்கும். அந்தப் பொதியை மறுபடி நிறுவினால்தான் போகும். மழைக்காலத்தில் சிக்னல் இழுபறியென்றால் இதற்காக டேட்டாவைச் செலவழிக்க வேண்டாம், அந்தப் பொதிக்கு அடுத்த அப்டேட் நிறுவும்போது தானே போய்விடும்.

பர்ஜ், அதாவது பொதியை அதன் கான்ஃபிக் கோப்புகளோடு அழிப்பது, வேறு நோய்க்கு மருந்து. பொதியே நீங்கி கான்ஃபிக் மட்டும் மிஞ்சியிருந்தால் டிபிகேஜி பட்டியலில் ‘ஆர்சி’ என்று நிற்கும், அவற்றுக்குத்தான் இது. இன்னும் ஓடும் பொதியை ஒரு பழைய கோப்புக்காகப் பர்ஜ் செய்தால், நீங்கள் திருத்திய மற்றக் கோப்புகளும் சேர்ந்து போகும். தரவுத்தளமான போஸ்ட்கிரஸின் பழைய பொதியில் இன்னும் கவனம் வேண்டும்: தரவையும் அழிக்கவா என்று கேட்கும். மாணவர்களின் புள்ளிப் பதிவுகள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டனவா என்று பார்க்காமல் என்டரைத் தட்டாதீர்கள்.

எட்கீப்பர் என்ற கருவி இந்த மூன்று வழிகளுக்கும் போட்டியில்லை, காப்பு. ஈட்டிசியை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்து, பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் ஓடுமுன்னும் ஓடியபின்னும் பதிவு செய்யும். ஆனால் பதிப்பு ஏற்றுவதற்கு முன்பே அது நிறுவியிருக்க வேண்டும். பின்னேர இடி முழக்கத்தில் கரண்ட் போய் ஏற்றம் பாதியில் நின்றால், முதலில் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ ஓட்டி முடியுங்கள். அதுவரை எந்தக் கோப்பிலும் கைவைக்க வேண்டாம்.