வளையப் படமா, சிறு சோதனையா: தலைமையாசிரியர் எதில் தொடங்குவது?

தாமதமாக வரும் பிள்ளைகளை முதல் பாடவேளை முழுக்க வாசலிலேயே நிறுத்திவைக்கிறார் ஒரு தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் வாசலில் கூட்டம் குறையும். இரண்டு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், வழக்கமாகத் தாமதமாக வருபவர்களில் சிலர், நேரமாகிவிட்ட நாளில் பள்ளிக்கே வராமல் இருந்திருப்பார்கள். வராத நாளில் பாடம் விட்டுப்போகிறது. பாடம் புரியாத பிள்ளைக்கு மறுநாள் காலையில் கிளம்ப மனமே வராது. ஆக, மருந்தே நோயை வளர்க்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கு இரண்டு கருவிகள் உண்டு.

ஒன்று, காரண வளையப் படம். 1950களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் தொடங்கிய அமைப்பு இயக்கவியல் (ஓர் அமைப்பின் பகுதிகள் காலப்போக்கில் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கும் துறை) மரபில் வளர்ந்தது. எது எதைக் கூட்டுகிறது, எது எதைக் குறைக்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்ப்பது. இன்னொன்று, தரக் கட்டுப்பாட்டு முன்னோடிகளான ஷூவர்ட், டெமிங் வழிவந்த சோதனைச் சுழற்சி: திட்டமிடு, செய், ஆராய், அதன்படி நட. ஒரே வகுப்பில் இரண்டு வாரம் செய்து பார்ப்பது.

செலவில் சோதனைதான் மலிவு. தவறினாலும் ஒரு வகுப்போடு போகும். படத்தின் அம்புகளோ வெறும் ஊகம். தலைமையாசிரியர் தனியாக வரைந்தால் அது அவர் மனதின் படம். வாயில் காவலரும் தாமதமாக வரும் பிள்ளைகளும் கூட உட்கார வேண்டும்.

ஆனால் மேலே சொன்ன கதையில் இரண்டு வாரச் சோதனை என்ன சொல்லியிருக்கும்? 'வெற்றி' என்று! கேடு மெதுவாக வரும் இடத்தில் குறுகிய சோதனை ஏமாற்றும். தாமதத்தோடு வராமையையும் எண்ண வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது படம்தான். அதனால் திரும்பி வரும் சிக்கலுக்கு என் ஓட்டு முதலில் படத்துக்கு. குழாய் உடைந்தால் இரண்டுமே வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

எங்கே கைவைப்பது? அமைப்புச் சிந்தனையாளர் டொனெல்லா மெடோஸ் 1999இல் தலையீட்டுப் புள்ளிகள் (ஓர் அமைப்பை மாற்றக் கைவைக்கும் இடங்கள்) 12ஐ வலிமை மிக்கது முதலில் வரும்படி வரிசைப்படுத்தியபோது, எண்களை மாற்றுவதைக் கடைசியில் வைத்தார். தகவல் யாருக்குப் போகிறது என்பதை 6ஆம் இடத்தில் வைத்தார். வாசல் மூடும் நேரத்தை ஐந்து நிமிடம் தள்ளுவது முதல் வகை. தாமதமானவரின் பெயர் மாதக் கடைசியில் போகாமல் அன்றே வகுப்பாசிரியருக்குப் போவது இரண்டாம் வகை. இதை ஒரு வகுப்பில் மட்டும், எட்டு வாரமாவது ஓட்டிப் பாருங்கள்.