தடுப்பூசிக் குப்பியில் பாதரசம்: இருக்கலாமா, எடுத்துவிடலாமா?

பத்து டோஸ் குப்பிக்குள் பத்து முறை ஊசி இறங்குகிறது. ஒருமுறை கிருமி நுழைந்தாலும் போச்சு. 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் கிருமி வளராமல் காக்கும் பதப்பொருள் சேர்க்காத டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) தடுப்பு மருந்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி 12 குழந்தைகள் இறந்தார்கள்.

இதைத் தடுக்கப் பல தடுப்பூசிகளில் சேர்க்கும் பதப்பொருள்தான் தயோமெர்சல். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம் என்றதும் பயம் வருவது இயல்புதான். ஆனால் அரை மில்லி டோஸில் இருக்கும் பாதரசம் சுமார் 25 மைக்ரோகிராம். அதுவும் உடம்பில் எத்தில் மெர்குரி என்ற பாதரசச் சேர்மமாக மாறுகிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு வாரம்கூட ஆவதில்லை. மீனில் சேரும் மீத்தில் மெர்குரிக்கோ ஒன்றரை மாதம் போல ஆகும். இதனால் குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரும் என்ற பயமும் உண்டு. டென்மார்க் 1992இலேயே தயோமெர்சலைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே ஆட்டிசம் பதிவுகள் கூடிக்கொண்டேதான் போயின.

உடம்பை விடக் குப்பையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பாதரசம் எரிந்து அழியாது. சூளையில் போட்டால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். அமெரிக்கக் கழிவு விதியில் அபாயக் கழிவு என்று முத்திரை குத்த, கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பாதரசம் வந்தாலே போதும். இந்த மருந்திலோ லிட்டருக்கு 50! அதற்காக மலைத்துவிட வேண்டாம்: பத்து லட்சம் டோஸையும் சேர்த்தாலே 25 கிராம்தான். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையும் தயோமெர்சல் சேர்த்த தடுப்பூசிகளுக்கு விலக்கு தந்திருக்கிறது.

சரி, மாற்று என்ன? 2-ஃபினாக்சிஎத்தனால் என்ற பதப்பொருளில் பாதரசம் கிடையாது, மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைந்துவிடும். ஆனால் கிருமியைத் தடுக்கும் வலு குறைவு. தயோமெர்சல் பட்டால் வீரியம் கெட்டுவிடும் போலியோ ஊசி மருந்துக்கு இது கைகொடுக்கிறது.

ஒற்றை டோஸ் குப்பியில் பதப்பொருளே தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்குப் பத்துக் கண்ணாடிக் குப்பி, பத்து மூடி, குளிர்பெட்டியில் பல மடங்கு இடம். பாதரசக் கழிவு போய்க் கண்ணாடிக் கழிவு வந்து நிற்கும்.

என்னைக் கேட்டால், குளிர்பதன வசதியும் பணமும் தாராளமாக உள்ள இடத்தில் ஒற்றை டோஸ். ஒரே நாளில் ஊர் ஊராகப் போடும் முகாமுக்குத் தயோமெர்சல் குப்பியே போதும். மிச்ச மருந்தை மட்டும் சூளைக்கு அனுப்பாமல் தனியாகச் சேகரிக்க வேண்டும்.