புகார்ப் பெட்டியா, பொறுப்பாளரா?

சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் நிவாரணப் பொருள் வழங்கும் தொண்டு அமைப்பு, தன் பணியாளராலோ தன்னார்வலராலோ குழந்தைகளுக்கும் ஆதரவற்ற முதியோருக்கும் தீங்கு நேர்ந்தால் அது எவ்வழியே வெளிவரும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். பூட்டிய புகார்ப் பெட்டி ஒரு வழி. ஊராருக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தப்பட்ட பாதுகாப்புப் பொறுப்பாளர் மற்றொரு வழி.

பெட்டியில் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போடலாம், செலவும் குறைவு. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதனால் பயனில்லை. பெட்டியின் சாவி, பொருள் விநியோகத்தை நடத்துபவரிடமே இருந்தால், வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பொறுப்பாளரிடமோ, காப்பித் தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பும் தாய் தன் பேச்சிலேயே சொல்லலாம். சேலத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் அலுவலர் இதற்குப் போதமாட்டார். சட்டமும் இவ்வழிக்கே வலுச்சேர்க்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரையிலும், தனக்குக் கீழ்ப்பட்டவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 1 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. வாரம் ஒருமுறை திறக்கப்படும் பெட்டி இக்கடமைக்கு ஈடுகொடுக்காது.

பொறுப்பாளரே குற்றஞ்சாட்டப்பட்டவரின் நண்பராக இருந்துவிட்டால்? அதனால்தான், என் தேர்வு பொறுப்பாளர் என்றாலும், குழந்தைகளுக்கான 1098, முதியோருக்கான 14567 ஆகிய உதவி எண்களை விநியோக இடத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதோடு, வாய்விட்டும் சொல்ல வேண்டும் என்பேன்.