'டிஸ்இன்ட்ரஸ்டட்': ஒரு சொல்லட்டையோடு 22 மாதங்கள்

அலுவலகத்தில் என்னோடு பணிபுரியும் தம்பி ஒருவர், எம்பிஏ சேர்க்கைக்காக நான் பயன்படுத்திவரும் சொல்வளச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு இறங்கிவிட்டதாகவும், சலுகை இன்று நள்ளிரவோடு முடிவதாகவும் சொல்லி, "வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணா" என்று கேட்டார். எதற்கும் ஒரே வார்த்தையில் பொருள் சொல்லும் பழக்கம்தான் அந்தச் செயலிக்கும் எனக்கும் இடையிலான வழக்கு என்பது அவருக்குத் தெரியாது. மாலைக்குள் விளக்கமாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன், அதுதான் இது.

செயலியின் உறுப்புகளை விவரிக்கத் தேவையில்லை. காலையில் 30 ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றின் கீழும் 4 தமிழ்ப் பொருள்கள். சரியானதைத் தொட்டால் அந்த அட்டை சில நாள் கழித்தும், அடுத்த முறையும் சரியென்றால் சில வாரம் கழித்தும் வரும், தவறவிட்டால் மறுநாளே வந்து நிற்கும். சனிக்கிழமை இரவுகளில், கல்லூரிச் சேர்க்கையில் நடக்கும் குழு விவாதத்துக்கான இணையவழிப் பயிற்சி: 8 முதல் 10 பேர், 15 நிமிடம், முடிவில் ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து, மறுநாள் ஒலிப்பதிவும் அதன் எழுத்து வடிவமும். எல்லாம் சொன்னபடியே வேலை செய்கின்றன. இந்த 22 மாதங்களில் சனிக்கிழமை அமர்வு ஒருமுறைகூட ரத்தானதில்லை.

அட்டைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டும் இடைவெளிக் கணக்கைத் தங்கள் கண்டுபிடிப்பு போல விளம்பரப்படுத்துவதை மட்டும் நம்ப வேண்டாம். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் 1885இல் நூலாகவே வெளியிட்டுவிட்டார். அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கி, தெரிந்தவற்றைப் பின்பெட்டிக்கு நகர்த்தும் முறையை 1972இல் அறிவியல் எழுத்தாளர் லைட்னர் பரவலாக்கினார். ஆனால் பழைய முறை என்பதால் பயன் குறைந்துவிடாது. ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வில் சொல்லுக்குப் பொருள் கேட்கும் நேரடி வினாக்கள் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், அண்மைக்கால வினாத்தாள்களில் மொழிப்பகுதியின் 24 வினாக்களில் 16 வினாக்கள் வாசிப்புப் பத்திகளிலிருந்தே வருகின்றன. 40 நிமிடத்துக்குள் 4 பத்திகளைப் படித்து முடிக்க வேண்டியவன், வரிக்கு ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தால் மூன்றாவது பத்தியைத் தாண்டமாட்டான். பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழ்வழியில் முடித்த எனக்கு அந்தத் தடுக்கல் பெருமளவு நின்றதற்கு இந்த அட்டைகளே காரணம். சிம்பயோசிஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்னாப் போன்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுகளில் சொல்வள வினாக்கள் நேரடியாகவே வருவதால் அங்கே பயன் இன்னும் கூடுதல். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன்.

குறை ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பெயரும் உண்டு. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்ற சொல்லுக்குச் செயலி வைத்திருக்கும் 4 பொருள்களில் 'ஆர்வமில்லாத' என்பதே சரியான விடை. 'தன்னலத் தொடர்பற்ற' என்றோ 'நடுநிலையான' என்றோ ஒரு தெரிவு அங்கே இல்லவே இல்லை. வாசிப்புப் பத்திகளிலும் நிறுவன ஆளுகை குறித்த கட்டுரைகளிலும் அந்தச் சொல் பெரும்பாலும் வருவது அந்த இரண்டாவது பொருளில்தான். ஆர்வமில்லாததைக் குறிக்க 'அன்இன்ட்ரஸ்டட்' என்று வேறொரு சொல் இருக்கிறது. அகராதிகள் பல இரு பொருள்களையும் வழக்கில் உள்ளவையாகக் காட்டுகின்றன என்பதால் செயலி பொய் சொல்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. பாதியைச் சொல்கிறது, எனக்குத் தேவைப்படாத பாதியை.

அந்தப் பாதியை நான் எங்கே கொண்டுபோய்ப் போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு, பிப்ரவரியில் ஒரு கல்லூரியின் தேர்வறை. ஐஐஎம்களில் பெரும்பாலானவை குழு விவாதத்தைக் கைவிட்டு எழுத்துத் தேர்வுக்கு மாறிவிட்டபோதிலும் வேறு பல கல்லூரிகள் அதை விடவில்லை. நான் சென்றதும் அத்தகைய ஒன்று. விவாதிக்கக் கொடுக்கப்பட்ட கேஸ், அதாவது ஒரு நிறுவனச் சிக்கலை விவரிக்கும் தாள், 2008 டிசம்பரில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம், அதன் தலைவர் குடும்பத்தாரின் மேட்டாஸ் நிறுவனங்களை வாங்க முயன்று, முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் உடனே பின்வாங்கிய நிகழ்வை ஒட்டிப் புனையப்பட்டது என்பது படித்தவுடனேயே தெரிந்தது. நிறுவனரின் உறவினருக்குச் சொந்தமான கம்பெனியை வாங்குவதற்கு 'டிஸ்இன்ட்ரஸ்டட்' இயக்குநர்களின் ஒப்புதல் வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. எட்டு மாதமாகச் சரியென்று பச்சை விளக்கு வாங்கிய தெம்போடு நான் உள்ளே நுழைந்து, நிறுவனத்தின் மீது ஆர்வமே இல்லாத இயக்குநர்களிடம் இவ்வளவு பெரிய முடிவை ஒப்படைப்பதுதான் இங்கே சிக்கல் என்றும், அவர்களை மாற்றிவிட்டு ஆர்வமுள்ளவர்களை நியமிக்க வேண்டும் என்றும் பேசினேன். குரல் நடுங்கவில்லை, ஒரு நிமிடத்துக்கு யாரும் குறுக்கிடவும் இல்லை. எதிரில் இருந்த பெண் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, இங்கே அந்தச் சொல் இந்தப் பரிவர்த்தனையில் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லாதவர்களைக் குறிக்கிறது என்றும், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்கள் சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்வதும் இதே நோக்கத்தில்தான் என்றும் எடுத்துச் சொன்னார். அதற்குப் பின்பு இருந்த 7 நிமிடங்களும் நான் தலையசைத்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். அந்தக் கல்லூரி என்னை எடுக்கவில்லை.

பொறுப்பு முழுவதும் செயலியுடையது அன்று. தெரியாத சொல்லைக் கேஸின் போக்கிலிருந்து ஊகித்திருக்கலாம், அல்லது அந்தச் சொல்லைத் தொடாமலே பேசியிருக்கலாம். ஆனால் எனக்கு அது தெரியாத சொல்லாக இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தெரியாதிருந்தால் தயங்கியிருப்பேன்.

வீடு திரும்பியதும் 'பிழையைத் தெரிவிக்க' என்ற பொத்தானை அழுத்தி, இரு பொருள்களையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுதி அனுப்பினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அன்றிலிருந்து 11 முறை அனுப்பியிருக்கிறேன், 11 முறையும் அதே பதில் வந்திருக்கிறது. பயனர் தன் அட்டையைத் திருத்திக்கொள்ளவோ நீக்கவோ வழியில்லை. இதைவிட எரிச்சலூட்டுவது, இடைவெளிக் கணக்கு இந்த இடத்தில் நடந்துகொள்ளும் விதம்: மனச்சாட்சிக்கு உட்பட்டு 'ஆர்வமில்லாத' என்பதைத் தொட மறுத்தால், எனக்குச் சொல் தெரியவில்லை என்று முடிவுகட்டி மறுநாளே அட்டையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, தவறென்று தெரிந்தும் அதையே தொட்டால், மகிழ்ந்துபோய் மாதக்கணக்கில் கண்ணில் காட்டாமல் வைக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் நான் தினமும் மறுத்து, தினமும் சிவப்பு விளக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். நாற்காலியோடு சண்டை போட்டவன் நிலைதான் அது.

ஒரு சொல்லில் தொடங்கிய சந்தேகம் மற்றவற்றுக்கும் பரவியது. 'ஓவர்சைட்' என்பதற்குக் 'கவனப்பிசகு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வங்கிகள் மீதான ஒழுங்குமுறை பற்றிப் பேசும் பத்தியில் அது 'மேற்பார்வை'. 'சாங்ஷன்' என்பதற்கு 'அனுமதி' மட்டும்; ஒரு நாட்டின் மீதான பொருளாதாரத் தடையும் அதே சொல்தான், பொருள் நேர் எதிர். 'டேபிள்' என்ற வினைச்சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: நம் நாடாளுமன்றச் செய்திகளில் அது அவையில் தாக்கல் செய்வதைக் குறிக்கும், அமெரிக்க எழுத்தில் ஒத்திப்போடுவதைக் குறிக்கும், தேர்வுப் பத்திகளோ இரு நாட்டு எழுத்துகளிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. இத்தகைய சொற்களுக்கு நான்கு தெரிவுகளில் ஒன்றைத் தொடும் அட்டை பொருந்தாது. ஒரு வாக்கியம் வேண்டும். இந்த வகைச் சொற்களை மட்டும் ஆங்கி என்ற மென்பொருளில், பத்திரிகைத் தலையங்கங்களில் கண்ட வாக்கியத்தை அப்படியே எழுதி, சொல் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, நானே அட்டை செய்துகொள்கிறேன். 2006 முதல் இருந்துவரும் மென்பொருள் அது. கணினியில் காசில்லாமல் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு 5 அட்டைக்கு மேல் செய்ய முடியாது என்றாலும், செய்யும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடுகிறது.

இனி நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் செயலி எனக்குத் தந்த மிகப்பெரிய உதவி நான் பணம் கட்டிய காரணத்தோடு தொடர்பில்லாத இடத்திலிருந்து வந்தது. சனிக்கிழமை விவாதங்களின் எழுத்து வடிவத்தை முதல் ஆண்டு முழுவதும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. தோற்ற பின்புதான் உட்கார்ந்து படித்தேன். என் பேச்சுகளில் பெரும்பாலானவை முடிவடையாமல் நின்றிருந்தன. மதிப்பீட்டாளர் வழக்கமாகச் சொல்லிவந்த 'உறுதியோடு பேசுங்கள்' என்ற அறிவுரை அங்கே பொருந்தவில்லை. குறுக்கிட்டவர்களும் முரடர்கள் அல்லர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும் 'ஃபிஷ் மார்க்கெட்' அமர்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஏழெட்டு அமர்வுகளைப் படித்த பின்பே காரணம் புரிந்தது: ஆங்கிலத்தில் பேசினாலும் நான் தமிழ் வாக்கியத்தையே பேசிக்கொண்டிருந்தேன். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். ஏன், எப்போது, எந்த நிபந்தனையில் என்பதையெல்லாம் அடுக்கிவிட்டு இறுதியில்தான் 'கூடாது' என்று முடிப்போம், கேட்பவரும் அதுவரை காத்திருப்பார். குழு விவாத மேசையில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நான் 'ஏனென்றால்' என்று தொடங்கி மூன்று காரணங்களை விரித்துக்கொண்டிருக்கும்போது, நான் எந்தப் பக்கம் என்பதே தெரியாத ஒருவர் பொறுமையிழந்து நுழைந்துவிடுகிறார். அவர் மீது தவறில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு என்ட்ரியிலும், அதாவது விவாதத்துக்குள் நுழைந்து பேசும் ஒவ்வொரு முறையும், முதல் ஆறேழு சொற்களுக்குள் முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். கேட்க எளிது, வாய் பழக ஐந்து மாதம் பிடித்தது. இடையில் சில வாரங்கள், முடிவைச் சொல்லிவிட்டுக் காரணம் மறந்து நின்ற காட்சிகளும் எழுத்து வடிவத்தில் பதிவாகியிருக்கின்றன. 'பேசிக்கலி' என்ற சொல்லை ஒரே அமர்வில் 14 முறை சொல்லியிருந்ததையும் அந்தத் தாள்தான் காட்டியது. அட்டைகளில் மனப்பாடம் செய்த அரிய சொற்களில் ஒன்றைக்கூட அந்த அமர்வில் பயன்படுத்தியிருக்கவில்லை என்பதையும்தான். விவாதத்தில் நன்றாகப் பேசியவர்களின் வரிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது அவர்களும் பயன்படுத்தவில்லை. எல்லாம் பத்தாம் வகுப்புச் சொற்கள், ஆனால் வரிசை சரியாக இருந்தது.

இந்த ஆண்டு இரண்டு கல்லூரிகளின் குழு விவாதத்துக்குச் சென்று, ஒன்றில் இறுதிப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. ஜூனில் சேர்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், 22 மாதச் சந்தாவுக்கு இதைவிடப் பெரிய பலன் கேட்க முடியாது. வாசிப்பு வேகமும் கூடியது, பேசும் முறையும் திருந்தியது, சேர்க்கையும் கிடைத்தது. எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம்.

ஆனால் தம்பி, வாங்க வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். தமிழ்ப் பொருள்களை ஒருமுறை உட்கார்ந்து சரிபார்ப்பதற்கு ஆளில்லாதவர்களுக்கு, சலுகையை நொடிக்கு நொடி குறைத்துக் காட்டும் கடிகாரம் செய்ய மட்டும் ஆள் இருக்கிறார்கள். விவாத அறை உனக்கு அவசியமென்றால், கேட் முடிவுகள் வந்து கல்லூரி அழைப்புகள் கையில் கிடைத்த பின்பு மூன்று மாதச் சந்தா எடுத்துக்கொள். அது முழு விலையில் இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து வடிவத்தை மட்டும் முதல் வாரத்திலிருந்தே படி. இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றினால் அது உண்மைதான். காரணம், இன்று காலை எட்டு மணிக்கு அந்த அட்டை மறுபடியும் வந்தது.

ரயிலில் இடம் கிடைக்காத அவசரத்தில், நின்றுகொண்டே 'ஆர்வமில்லாத' என்பதைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்து நான்கு மாதம் கழித்துக் காட்டப்படும் என்று கீழே எழுதியிருந்தது. என் சந்தா மே மாத இறுதியில் முடிகிறது.