பழைய சம்பளக் கணக்கிலிருந்து ஈஎம்ஐ போகிறதா? இன்றே ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள்

வேலை மாறிய பிறகும் பழைய கம்பெனி திறந்து கொடுத்த சம்பளக் கணக்கை, ஏதோ ஒரு தவணைக்காகவோ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்காகவோ அப்படியே வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரே மாதத்தில் என் கணக்கிலிருந்து 1,770 ரூபாய் கட்டணம் என்ற பெயரில் போயிருக்கிறது. அந்தக் கணக்கில் நான் வேறு எந்தச் செலவும் செய்வதில்லை. தவணைப் பணத்தையும் தேதிக்கு முன்பே போட்டு வைத்திருந்தேன். அப்படியிருந்தும் இது நடந்தது. அது ஒரு தனியார் வங்கி. பெயர் இங்கே முக்கியமில்லை, இந்த மாதிரிக் கட்டண அட்டவணை பல வங்கிகளில் இருக்கிறது.

என் இருசக்கர வாகனக் கடனுக்கு மாதம் 2,870 ரூபாய், 5ஆம் தேதி அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும். இதைத்தான் பேச்சுவழக்கில் இன்னும் இசிஎஸ் என்கிறோம், இப்போது அது நாச் மேன்டேட், அதாவது தவணையைத் தானாக எடுத்துக்கொள்ள நாம் முன்கூட்டியே கொடுக்கும் அனுமதி. புதிய கம்பெனியில் வேறு வங்கியில் சம்பளம் வருவதால், மாதாமாதம் 3,000 ரூபாயை அங்கிருந்து பழைய கணக்குக்கு மாற்றிவிடுவேன். எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாத ஸ்டேட்மென்ட் இப்படி இருக்கிறது. 3ஆம் தேதி 3,000 வரவு, இருப்பு 3,100. மறுநாள் ‘ஏஎம்பி சார்ஜ்’ (மாதச் சராசரி இருப்பு குறைந்ததற்கான கட்டணம்) என்று 500 பற்று, அதற்கு அடுத்த வரியில் ஜிஎஸ்டி 90. இருப்பு 2,510. 5ஆம் தேதி காலையில் 2,870 கேட்டு மேன்டேட் வருகிறது. 360 ரூபாய் குறைவதால் திரும்பிப் போகிறது. திரும்பியதற்கு 500, மறுபடி ஜிஎஸ்டி 90. இருப்பு 1,920.

எஸ்எம்எஸ் வந்ததும் பதறிப்போய் கடன் கம்பெனியைக் கூப்பிட்டு, அன்றே ஆன்லைனில் தவணையைக் கட்டிவிட்டேன். ஆனால் அவர்கள் பக்கம் மேன்டேட்டை இரண்டாவது முறை அனுப்பும் வேலை ஏற்கெனவே ஓடிவிட்டது. நான் கட்டி முடித்த அதே தவணைக்கு அது மறுபடி வந்து, மறுபடி திரும்பி, இன்னொரு 590 போனது. கடைசியில் இருப்பு 1,330. கடன் கம்பெனி தன் பங்குக்குப் போட்ட பவுன்ஸ் சார்ஜை நான் கேட்டதும் எடுத்துவிட்டது. வங்கி எடுக்கவில்லை.

முதல் 590தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதைக் கவனியுங்கள். தவணைக்கு வைத்திருந்த பணத்தை முந்தின நாள் வங்கியே எடுத்துக்கொண்டு, மறுநாள் ‘பணம் போதவில்லை’ என்று வங்கியே அபராதமும் போட்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

சரி, ஜீரோ பேலன்ஸ் கணக்கில் ஏன் மினிமம் பேலன்ஸ் கட்டணம்? கிளைக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. சம்பளக் கணக்கில் தொடர்ந்து சில மாதம் சம்பளம் வரவில்லை என்றால் (பல வங்கிகளில் மூன்று மாதம்) அது தானாகச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். மாறிய பிறகு அந்தக் கிளைக்குரிய சராசரி இருப்பை வைத்திருக்க வேண்டும். என் கணக்குக்கு அது 10,000 ரூபாய்.

“உங்களுக்கு மெயில் போயிருக்கு சார்” என்றார் கவுன்டரில் இருந்தவர். எந்த மெயிலுக்கு என்று பார்க்கச் சொன்னேன். பழைய கம்பெனி கொடுத்த அலுவலக மெயில் முகவரி. வேலையை விட்ட அன்றே முடக்கப்பட்ட முகவரி அது. சம்பளம் நின்றுவிட்டதால் கணக்கை மாற்றினோம் என்கிறார்கள், அதாவது நான் அந்தக் கம்பெனியில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அறிவிப்பை அந்தக் கம்பெனி முகவரிக்கே அனுப்பியிருக்கிறார்கள். என் செல்பேசி எண் மாறவே இல்லை. 3,000 ரூபாய் வரவு வைத்தால் எஸ்எம்எஸ் வருகிறது, தனிநபர் கடன் தருகிறோம் என்று வாரம் தவறாமல் எஸ்எம்எஸ் வருகிறது. 10,000 வைக்க வேண்டும் என்ற ஒரு செய்தி மட்டும் அந்த எண்ணுக்கு வரவில்லை.

இதில் ரிசர்வ் வங்கியின் விதி என்ன என்பதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மெயில், கடிதம் என ஏதாவது ஒரு வழியில் வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டணம். அந்தக் கட்டணமும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கட்டணத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாமல் செயலற்றுப்போன கணக்கு என்றால், மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

மைனஸில் போகாது என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பிடிக்க முடியாத கட்டணத்தை நிலுவை என்று ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்து பணம் போட்டதும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இதனால்தான் நின்றுபோன கணக்கில் ஒருநாள் யாராவது 500 ரூபாய் அனுப்பினால் அது மறைந்துவிடுகிறது. கணக்கில் ‘லியன்’ அல்லது ‘ஹோல்ட்’ (வங்கி நிறுத்திவைத்த பணம்) என்று ஏதாவது தொகை தெரிகிறதா என்று ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

இன்னொன்று, சராசரி இருப்பு என்பதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கணக்கில் எப்போதும் 10,000 இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையை மாதம் முழுக்கக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் 10,000 சராசரி வர, கூட்டுத்தொகை மூன்று லட்சம் ஆக வேண்டும். முதல் 20 நாளும் வெறும் 2,000 இருந்தால் கூட்டுத்தொகை 40,000தான். மீதி பத்து நாளில் தினமும் 26,000 வைத்திருந்தால்தான் கணக்கு நேராகும். மாதக் கடைசியில் அவசரமாக 10,000 போட்டு ‘சரிசெய்துவிட்டேன்’ என்று இருப்பவர்களுக்கும் கட்டணம் வருவது இதனால்தான். சில வங்கிகள் இதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுகின்றன. உங்கள் வங்கியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேன்டேட் திரும்புவதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் எல்லா நாளும் இயங்குகிறது. ‘5ஆம் தேதி ஞாயிறு, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்’ என்ற பழைய பழக்கம் இனி உதவாது. 2007ஆம் ஆண்டு பணப் பரிவர்த்தனை முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி, பணம் போதாமல் மின்னணுப் பற்று திரும்பினால் செக் பவுன்ஸ் போலவே வழக்குத் தொடரவும் இடம் இருக்கிறது. தவணை தாமதமானால் கடன் வரலாற்றிலும் ஏறும். வங்கி தானே எடுத்துக்கொண்ட 590 ரூபாய் ஒருவரை இவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும்.

கிளை மேலாளர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? “உங்களுக்கு ஓடி லிமிட் போட்டுத் தர்றேன் சார், இனிமே எதுவும் பவுன்ஸ் ஆகாது.” ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட் என்பது, இருப்புக்கு மேல் எடுக்க வங்கி தரும் கடன். எடுத்த தொகைக்கு நாள் கணக்கில் வட்டி, மாதாமாதம் அந்த வட்டி அதே கணக்கில் பற்று வைக்கப்படும், கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்துகொள்ளும். வசதியை வைத்திருக்கவே ஆண்டுக்கு ஒரு புதுப்பிப்புக் கட்டணம் வாங்கும் வங்கிகளும் உண்டு. தொழில் செய்பவர்களுக்கு அது தேவைப்படலாம், அதில் தப்பில்லை. அவர்களே போட்ட கட்டணத்தை ஈடுகட்ட நான் அவர்களிடமே கடன் வாங்க வேண்டும் என்றால் எப்படிச் சம்மதிப்பது? அடுத்து, ஒரு வைப்புத்தொகை போட்டால் சராசரி இருப்பிலிருந்து விலக்கு தரலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இது என் ஒருவனுக்கு நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் மினிமம் பேலன்ஸ் அபராதமாக ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் அரசே சொல்லியிருக்கிறது. அது யார் பணம்? கணக்கில் பணம் வைக்க முடியாதவர்களின் பணம். இல்லாதவர்களிடம்தான் இந்தக் கட்டணம் பிடிக்கப்படுகிறது என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நல்ல வேளையாக இப்போது வேறு வழி இருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி 2020இலேயே சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நிறுத்திவிட்டது. 2025 ஜூனில் கனரா வங்கி, ஜூலையில் இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி என்று வரிசையாக நிறுத்தின. எந்த வங்கியிலும் அடிப்படை சேமிப்புக் கணக்கு கேட்டுத் திறக்கலாம், அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் ஒன்று: மினிமம் பேலன்ஸ் அபராதம் இல்லை என்றால் எந்தக் கட்டணமும் இல்லை என்று அர்த்தமில்லை. மேன்டேட் திரும்பினால் அங்கேயும் கட்டணம் உண்டு. கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், இருப்பில்லாமல் ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் அதற்கு ஒரு கட்டணம் என்று சின்னச் சின்னதாக இருக்கும். கணக்குத் திறக்கும் முன் அந்த வங்கியின் இணையதளத்தில் சேவைக் கட்டண அட்டவணையை வாசித்துவிடுங்கள்.

நானும் மாறிக்கொண்டிருக்கிறேன். இதில் வரிசை ரொம்ப முக்கியம். கோபத்தில் பழைய கணக்கை முதலில் மூடிவிட்டால் அடுத்த தவணை மறுபடி திரும்பும். செல்போன் எண்ணை அப்படியே வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவது போல வங்கிக் கணக்கு எண்ணைக் கொண்டுபோக முடியாது, அதனால் ஒவ்வொன்றையும் கையால் மாற்ற வேண்டும். முதலில் கடன் கம்பெனியில் புதுக் கணக்குக்கு மேன்டேட் கொடுத்தேன். புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை உண்மையாகவே போகும் வரை பழைய கணக்கில் தவணைப் பணத்தோடு கொஞ்சம் கூடுதலாகவும் விட்டுவைத்திருக்கிறேன். அது போனதும் பழைய மேன்டேட்டை ரத்துசெய்ய எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கணக்கை மூடுவேன். இதற்கிடையில் பிஎஃப்பில் பதிந்த வங்கி விவரம், வருமான வரி ரீஃபண்டுக்கான கணக்கு, காஸ் மானியத்துக்கு ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பது, யுபிஐ என எல்லாவற்றையும் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய ஸ்டேட்மென்ட்களை மூடுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு ஆப்பில் நுழைய முடியாது. கணக்குத் திறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் பொதுவாக மூடும் கட்டணம் இருக்காது, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். மூடியதற்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்காமல் வராதீர்கள்.

புகார் விஷயம்: வாயால் சொன்னதற்கு மதிப்பே இல்லை. மெயிலில் எழுதி, புகார் எண் வாங்கிக்கொண்டேன். ‘அறிவிப்பு எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, எந்த வழியில் அனுப்பப்பட்டது, அது போய்ச் சேர்ந்ததா’ என்று மட்டும் கேட்டேன். முதலில் கட்டண அட்டவணையை அப்படியே ஒட்டிப் பதில் அனுப்பினார்கள். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைத் தேதியைக் குறிப்பிட்டு மேல்நிலை அதிகாரிக்கு எழுதிய பிறகு, மினிமம் பேலன்ஸ் கட்டணமான 590 திரும்ப வந்தது. அது தவறாகப் பிடித்தது என்றால், அதனால் உண்டான மற்ற இரண்டு 590உம் தவறுதானே? அதற்கு ‘விதிப்படி பிடிக்கப்பட்டது’ என்று ஒரே வரிப் பதில்.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களது இணையதளத்தில் புகாரைப் பதியலாம், 14448 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான ஆதாரம் மட்டும் கையில் இருக்க வேண்டும். நான் ஸ்டேட்மென்ட், வங்கியின் இரண்டு பதில்கள், 5ஆம் தேதியே தவணை கட்டிய ரசீது எல்லாவற்றையும் இணைத்து, மீதி 1,180 ரூபாயைக் கேட்டுப் பதிந்திருக்கிறேன். அந்தப் புகாருக்கு முடிவு வரும் வரை பழைய கணக்கின் பாஸ்புக்கையும் மெயில்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.